அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கோத்தகிரி
19 ஜனவரி 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் உனக்கும் அதே பைத்தியம் பிடித்துவிட்டது. ஷோரூமில் ஹோண்டா என்.எக்ஸ். 500 பைக்கில் ஏறி உட்கார்ந்தாய், அவிநாசி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாய், "சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதுடா" என்று எழுதிவிட்டாய். மாதக் கடைசியில் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். கொஞ்சம் பொறு.

நவம்பரில் நான் தாய்லாந்து போனது உனக்குத் தெரியும். எதற்குப் போனேன் என்பதை வீட்டிலேயே பாதிதான் சொல்லியிருக்கிறேன். உன்னை ஆட்டுகிற அதே வண்டிதான் என்னையும் ஆட்டியது. என்.எக்ஸ்.-க்கு முன்னால் வந்த சி.பி. 500 எக்ஸ்-இலும் அதே 471 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின்தான், அதே 47 குதிரைத்திறன். சியாங் மாய் நகரில் அதை வாடகைக்கு எடுத்து ஆறு நாள் மலை சுற்றினேன். நாளுக்கு 1,200 பாட், மொத்தம் 7,200. நம் பணத்தில் ஏறக்குறைய 18,000 ரூபாய். விமானச் செலவைக் கணக்கில் சேர்க்காதே, அதை நானும் சேர்க்கவில்லை. 2024 ஜனவரியில் வெளிவந்தபோதே என்.எக்ஸ். 5.90 லட்சம், அதுவும் எக்ஸ்-ஷோரூம். வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது ஏழு லட்சத்தைத் தொடும். பசுந்தேயிலை விற்றுப் பிழைக்கிறவன் ஏழு லட்சத்தை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாமா, சொல்.

சியாங் மாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் மேட்டுப்பாளையம் மாதிரி முந்நூறு மீட்டர் உயரத்தில் ஊர், அதைத் தாண்டினால் மலை. மே ஹாங் சான் வரை போய்ச் சுற்றி வந்தால் 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள் என்று அவர்களே எண்ணி வைத்திருக்கிறார்கள். அதில் முதல் 762 வளைவுகள் பாய் என்ற ஊருக்குள் முடிகின்றன. அந்த எண்ணை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். நம்மூரில் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளை எவனாவது சட்டையில் போட்டு விற்றிருக்கிறானா?

போவதாக இருந்தால் சில விஷயம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வாங்கினேன். ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும். அது இல்லாமல் அங்கே ஓட்டி, ஏதாவது ஆகிவிட்டால் பயண இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். வாடகைக்குக் கொடுக்கிறவர் பாஸ்போர்ட்டைக் கேட்பார், கொடுக்காதே. நான் 10,000 பாட் ரொக்கமாக டெபாசிட் வைத்தேன். வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்துக்கொள். அங்கே வண்டியோடு கட்டாயமாக வரும் இன்ஷூரன்ஸ் ஆளுக்கு அடிபட்டால்தான். வண்டிக்கு அடிபட்டால் நம் பாக்கெட்தான்.

சரி, வண்டிக்கு வருகிறேன். முதல் நாள் காலை, டவுனை விட்டு வெளியே வந்து மூன்றாவது கியரில் லேசாக முறுக்கினேன். மாப்ளே, என்னத்தைச் சொல்ல! என் யூனிகார்னில் லாரியைத் தாண்டுவதற்கு முன்னால் எதிரே பார்த்து, குலசாமியைக் கும்பிட்டு, ஒரு கியரைக் குறைத்து முறுக்குவேன். இதில் தாண்டலாம் என்று நினைக்கும்போதே லாரி கண்ணாடியில் தெரிந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி கீழ்த்தோட்டத்தில் அரை ஏக்கரை விற்றுவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, பக்கத்தில் என் வீட்டுக்காரி இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வண்டி ஓடும்போது நடந்ததைப் பற்றி இல்லை. ஓடுகிறபோது எல்லாப் பெரிய வண்டியும் நல்ல வண்டிதான். நிற்கிறபோதுதான் அது யாரென்று தெரியும்.

பாய் ஊரில் ஒரு விடுதி வாசலில் இறக்கத்தைப் பார்த்தபடி, சுவரை ஒட்டி நிறுத்திவிட்டேன். காலையில் பின்னால் இழுக்க வேண்டும். யூனிகார்ன் 140 கிலோ, இடுப்பைக் கொடுத்து இழுத்துவிடலாம். இது பெட்ரோலோடு 199 கிலோ. ரிவர்ஸ் கியர் கிடையாது. உட்கார்ந்து தள்ளலாம் என்றால் சீட் 83 சென்டிமீட்டர் உயரம். எனக்கு நுனிக்கால்தான் தரையில் படும், நுனிக்காலை வைத்துக்கொண்டு மேட்டில் எதைத் தள்ளுவது? விடுதிக்காரரும் அவர் மகனும் வந்து இழுத்து விட்டார்கள். அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் தரையின் சரிவைப் பார்த்தேன், அப்புறம்தான் இயற்கை அழகு.

நான்காம் நாள் பான் ராக் தாய் போனேன். மியான்மர் எல்லையோரம் ஒரு தேயிலைக் கிராமம். 1949-க்குப் பிறகு சீனாவின் யுன்னானிலிருந்து வந்த படைவீரர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். ஏரிக்கரையில் மண்வீடுகள், சரிவெல்லாம் தேயிலை. ஊலாங் என்ற டீ போடுகிறார்கள். நாம் ஃபாக்டரிக்கு மூட்டை மூட்டையாக இலை போடுகிறோம், அவர்கள் சுண்டுவிரல் அளவுக் கிண்ணத்தில் ஊற்றி அரைமணி நேரம் பேசுகிறார்கள். பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த ஊருக்கு ஏறும் வழியில்தான் விழுந்தேன். வேகமாகப் போய் இல்லை, நடக்கிற வேகத்தில். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, ஏற்றத்திலேயே வலது பக்கமாக வண்டியைத் திருப்பினேன். பாதித் திருப்பத்தில் என்ஜின் அணைந்துவிட்டது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நிற்கிறது, பள்ளம் என் வலது பக்கம். வலது காலை நீட்டினேன், தரை அங்கே இல்லை. அவ்வளவுதான், மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்தது. நானும் கூடவே. பிரேக் லிவர் பாதியில் முறிந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்.

விழுந்த வண்டியைத் தூக்குவதைத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். வலது பக்கம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடு, கியரில் போட்டு வை. சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் பின்கம்பி, காலால் தள்ளி எழ வேண்டும். சமதளத்தில் முடியும். பள்ளத்துப் பக்கம் சாய்ந்ததை என்னால் ஒரு சாண்கூட அசைக்க முடியவில்லை. ஸ்கூட்டரில் வந்த இரண்டு பையன்கள் தூக்கிக் கொடுத்தார்கள். திரும்பக் கொடுக்கும்போது லிவருக்கும் கீறலுக்கும் 3,000 பாட் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான். அதே விழுதல் சொந்த வண்டியில், மேட்டுப்பாளையம் ரோட்டுக் குஞ்சப்பனை வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க நடந்திருந்தால்?

கடைசி நாள் டோய் இந்தனோன். தாய்லாந்திலேயே உயரமான சிகரம், 2,565 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. அங்கே ஒரு ஆளிடம் சைகையிலேயே இதைச் சொல்லப் பார்த்தேன், அவர் சிரித்துவிட்டு எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

ஊருக்கு வந்த மறுநாள் யூனிகார்னை எடுத்து மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறினேன். தாய்லாந்து ரோடு அகலம், வளைவு நீண்டு வளையும், 47 குதிரைக்கும் தீனி கிடைக்கும். இங்கே இரண்டாவது கியருக்கு மேல் போட்டால் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாயங்காலமானால் மூடுபனி, அதற்குள் காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும். இங்கே வேண்டியது பிரேக்கும் சின்னத் திருப்பமும், சட்டென்று கால் ஊன்ற இடமும். எனவே நான் வாங்கவில்லை, இப்போதைக்கு. ராத்திரியில் அந்த என்ஜின் சத்தம் காதில் கேட்கிறது என்பது வேறு விஷயம்.

உன் கதை வேறு. நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய், சேலம், பெங்களூரு என்று நீண்ட ரோட்டில் போகிறவன். உனக்குச் சரிப்படலாம். ஆனால் நீ என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை என்பதையும் மறக்காதே. அதனால் ஒன்று செய். தாய்லாந்து முடியாவிட்டால் பெங்களூரில் வாடகைக்கு எடு, மூன்று நாளுக்காவது, பின்னால் பையைக் கட்டிக்கொண்டு. நீலகிரிக்குள் வர வேண்டிய இ-பாஸ் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வா. கேட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் கான்கிரீட் சரிவு உனக்கு ஞாபகம் இருக்கும், உன் அண்ணனின் ஆர்.எக்ஸ். 100-ஐ அதில்தான் போட்டு விழுந்தாய். மழை பெய்து நனைந்திருக்கும்போது அதில் இறங்கி, யாரையும் கூப்பிடாமல் திருப்பிக்கொண்டு மேலே ஏறு. ஏறிவிட்டால் அட்வான்ஸ் தொகையில் ஐயாயிரம் நான் தருகிறேன்.

உன் வீட்டுக்காரியிடம் விலையைச் சொல்லிவிட்டாயா? அதை மட்டும் என் தலையில் கட்டாதே. அவளுக்கு இரண்டு கிலோ டீத்தூள் எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்.

உன் பழைய ரூம்மேட்