குளிர்காலத்தில் மூன்று இரவுகள் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை தென் ஸ்பெயினின் மலைக்கிராமமான கப்பிலெய்ராவில் நாங்கள் வாடகைக்கு விடும் வீட்டை மூன்று இரவுக்குக் குறைவாகத் தருவதில்லை என்று இந்த வருஷம் முடிவு செய்திருக்கிறோம். "ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் கிரனாடா போகிறவர்கள் எதற்கு மூன்று இரவுக்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்த வீட்டின் சுவரில் இருக்கிறது.

தென் ஸ்பெயின் என்றதும் எல்லோருக்கும் வெயில்தான் நினைவுக்கு வரும். கப்பிலெய்ரா இருப்பதோ சியரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே. அதற்கும் மேலே நிற்கிறது முலாசென் சிகரம், ஏறக்குறைய 3,480 மீட்டர். அதன் தலையில் பனி விழுந்துவிட்டால், இரவில் இறங்கும் காற்று நேராக நம் தெருவுக்குத்தான் வரும்.

எங்கள் வீடு அந்த ஊரின் பழைய முறையில் கட்டியது. முழங்கை நீளத்துக்கு மேல் தடிமனான கல்சுவர். செஸ்ட்நட் மர உத்திரம், அதன்மேல் கற்பலகை, அதற்கும் மேலே லௌனா என்கிற சாம்பல் நிற மண்ணைக் கொட்டித் தட்டிய தட்டைக் கூரை. ஆகஸ்ட் மாதத்தில் வந்தவர்கள் "ஏசி இல்லாமலே இவ்வளவு குளுமையா!" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அது இந்தச் சுவர் செய்கிற வேலை. குளிர்காலத்தில் அதே சுவர் சில்லிட்டுப் போய் நிற்கும். வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பை மூட்டினால் முதல் நாள் வருகிற சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். இரண்டாம் நாள் மாலை கையை வைத்துப் பார்த்தால் சில்லிப்பு விட்டிருக்கும். மூன்றாம் நாள் அடுப்பு தணிந்த பிறகும் சுவர் சூடு தரும். வீடு வீடாக இருப்பது அப்போதுதான்.

போன ஜனவரியில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் ஒரே ஓர் இரவுக்கு வந்தது. மதியமே அடுப்பு மூட்டி வைத்திருந்தோம். ஆனாலும் இரவு முழுக்க அடுப்புக்கு முன்னால் மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். காலையில் அவர்கள் கிளம்பும்போதுதான் சுவர் சற்று வெதுவெதுப்பாகத் தொடங்கியிருந்தது. அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை.

இரண்டு நாள் முன்னாலேயே மூட்டி வைக்கலாமே என்று கேட்கலாம். மர உத்திரம் போட்ட வீட்டில் ஆள் இல்லாமல் இரவில் தீயை விட்டுப்போக எங்களால் முடியாது. நீங்கள் வருகிற அன்று காலையில் மூட்டி, நீங்கள் வரும்வரை ஒருவர் கூடவே இருப்போம். அது உறுதி.

விறகுக்கு இனிமேல் தனிக்கணக்கு இல்லை. முன்பு கூடைக் கணக்கில் பணம் வாங்கியதால் பலர் சிக்கனம் பார்த்து நடுங்கினார்கள். வாதுமை, ஒலிவ விறகு இரண்டும் வைத்திருப்போம். சுள்ளியில் பற்றவைத்து வாதுமையைப் போடுங்கள், சட்டென்று பிடிக்கும். ஒலிவக் கட்டை நிதானமாக எரியும், அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரு வருஷத்துக்கு மேல் காய்ந்தது. வழியில் யாராவது மலிவாகப் பச்சை விறகு தந்தால் தயவுசெய்து வாங்கிப் போடாதீர்கள். புகைபோக்கிக்குள் கரி படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும்.

நடு அறையில் தரை வரைக்கும் கனத்த துணி தொங்கும் வட்ட மேசை ஒன்று இருக்கிறது. அடியில் கணப்பை வைத்து, துணியை மடிமேல் போட்டுக்கொண்டு உட்காருவது இந்த நாட்டு வழக்கம். அந்தக் காலத்தில் அடியில் கரித்தணல்தான் வைப்பார்கள். மூடிய அறையில் அதன் நச்சு வாயு ஆளையே கொன்றுவிடும் என்பதால் நாங்கள் மின்கணப்பு வைத்திருக்கிறோம். துணி அதன்மேல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் வந்துவிட்டால் ஊரே வேறு. நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளை ஒட்டி, செஸ்ட்நட் கொட்டையைத் தீயில் சுட்டுத் தின்பார்கள். கோடையில் மேல்மலைக்குப் போகும் சிற்றுந்து நின்றுவிடும். சிகர நடைக்கு அப்போது வராதீர்கள். பன்றி அறுத்துத் தொடையை உப்பிட்டுத் தொங்கவிடும் காலமும் இதுதான். பக்கத்து ஊர் திரெவேலெஸின் தொடைக்கறிக்குப் பேர் வந்ததே அந்த உலர்ந்த மலைக்காற்றால்தான். பார்க்க மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசைவம் தொடாதவர்களுக்கு மீகாஸ் இருக்கிறது. மாவை ஒலிவ எண்ணெயிலும் பூண்டிலும் கிளறிக் கிளறி உதிர்ப்பார்கள்; பார்வைக்கு உப்புமாவேதான். இறைச்சி போடாமல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மழை நாளில் அதைவிட நல்ல சாப்பாடு எங்களுக்குத் தெரியாது.

கீழே இருக்கும் ஓர்ஹிவா ஊரிலிருந்து ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது. இருட்டுவதற்குள் வந்து சேருங்கள். தரை கல், கம்பளிக் காலுறை கட்டாயம்.

இந்தக் குளிர்காலத்துக்கு ஏற்கெனவே ஓரிரவு, ஈரிரவு பதிவு செய்தவர்கள் மூன்று இரவும் தங்கலாம். கூடுதல் பணம் வேண்டாம். நாள் ஒத்துவராது என்றால் கட்டிய தொகையை முழுதாகத் திருப்பித் தருகிறோம். பதில் எழுதும்போது வயதானவர்கள் யாராவது வருகிறார்களா என்றும் சொல்லுங்கள். அடுப்பை ஒட்டிய கீழ் அறையை அவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
கப்பிலெய்ரா வீட்டார்