80 நிமிடம், ஒரு விளக்கு, ஒரு கேமரா: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஓவிய அறைக்குள் இனி கேமராவோ செல்போனோ வரக்கூடாது, தன்னுருவ ஓவியத்துக்கு மாணவர்களின் அடையாள அட்டைப் படங்களையே பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற சுற்றறிக்கை கிடைத்தது. அச்சிட்ட தாள்களும் மறுநாளே மேசைக்கு வந்துவிட்டன. கரித்துண்டும் வரைதாளும் கேட்டபோது இந்த வேகம் இருந்ததில்லை. அது இருக்கட்டும்.

அந்தத் தாள்களில் ஒன்றைத் தயவுசெய்து கையில் எடுத்துப் பாருங்கள். அடையாளப் படத்துக்கென்று விதி உண்டு: வாய் மூடியிருக்க வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, உணர்ச்சி எதுவும் தெரியக்கூடாது. அந்த வேலைக்கு அது சரியான விதிதான். ஆனால் இந்தப் பருவத்தின் பாடம் உணர்ச்சி ததும்பும் தன்னுருவம். கோபத்தையும் திகைப்பையும் அடக்க முடியாத சிரிப்பையும் வரையச் சொல்லிவிட்டு, இவை எதுவும் இருக்கக்கூடாது என்று கவனமாக எடுத்த படத்தைக் கையில் கொடுக்கிறோம்.

அளவு இன்னும் மோசம். 35க்கு 45 மி.மீ. படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் குறுக்கே 413 புள்ளிதான் தேறும். அதை ஏ4 தாளின் அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளி. ஒரு கருவிழியின் பங்குக்கு ஏறக்குறைய 20. இமையின் ஓரம் எங்கே திரும்புகிறது, கண்ணுக்குள் ஒளிப்பொட்டு எங்கே நிற்கிறது என்று தேடினால் கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்திருப்பதால் மூக்குக்குப் பக்கம் என்ற ஒன்றே இல்லை. இரண்டு துளைகள் மட்டும் மிதக்கின்றன. இதைப் பார்த்து வரையும் பிள்ளை வேறென்ன செய்யும்? புருவத்துக்கு இரண்டு சரிவான கோடு போட்டுவிட்டு, கோபம் வந்துவிட்டதாக நம்பிக்கொள்ளும்.

கண்ணாடி பார்த்து வரையட்டுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630 வாக்கில் கண்ணாடி முன் முகத்தைக் கோணலாக்கி, வாய் பிளந்து, கண்ணை உருட்டித் தன்னையே செப்புத் தகட்டில் கீறினார். அவற்றில் சில சுமார் 5 செ.மீ. உயரம்தான். நம் மாணவர்கள் ஏ3 தாளில் ஆறு வகுப்புகளாக வரைகிறார்கள். அலறும் வாயை அவ்வளவு நேரம் யாரும் திறந்து வைத்திருக்க முடியாது. சிரிப்பை இழுத்துப் பிடித்தால் முதலில் அணைவது கண்; கீழிமை தளர்ந்துவிடும், பல் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு நொடியைப் பிடித்துவைக்கத்தான் கேமரா.

எனவே நாங்கள் கேட்பது: தொடர்ச்சியான இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம், ஒரு விளக்கு, பள்ளிக்குச் சொந்தமான ஒரு கேமரா. அவ்வளவுதான்.

அந்த 80 நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் 20 நிமிடம் அறையை ஆயத்தம் செய்ய. கூரை விளக்குகளை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்குழியில் நிழல் கட்டி எல்லோரும் தூக்கமின்றித் தெரிவார்கள். ஒரே விளக்கு, பக்கவாட்டில் 45 பாகையில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மீட்டர் தள்ளி. மறுபக்கம் கறுத்துப்போனால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும். நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மடிப்பும் எழுந்து நிற்பது இந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான். மூக்குக்கண்ணாடி மின்னினால் அதன் காம்பைக் காதுக்கு மேல் இம்மியளவு தூக்கினால் சரியாகிவிடும்.

கேமரா கண்மட்டத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். நெருக்கம் வேண்டுமானால் ஜூம் செய்யலாம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கும். முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால் காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்து விழும். ஒன்றரை மீட்டரில் அது 8 சதவீதம்தான். முன்கேமரா சில சாதனங்களில் இடவலம் மாற்றியும் சேமிக்கும். அழகூட்டும் வசதியை அணைக்க மறந்தால் நாம் வரைய வேண்டிய சுருக்கங்களை அதுவே துடைத்துவிடும்.

மீதி 60 நிமிடத்தில் 30 பேர், ஆளுக்கு 2 நிமிடம். "கோபமாக இரு" என்றால் எந்த முகமும் கோபப்படாது. "திறக்காத கதவைத் தோளால் தள்ளு" என்றால் தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். அப்போது தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும். கையும் சட்டத்துக்குள் வரட்டும். கன்னத்தில் அழுந்திய உள்ளங்கை, புருவத்தைவிட அதிகம் பேசும். அச்சிடுமுன் நிழல்களைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும், சாதாரணத் தாளில் அவை மொத்தமாகக் கருப்பாக அடைத்துக்கொள்ளும்.

தடைக்குக் காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கோணிய முகம் ஒன்று வெளியே போனால் அது ஸ்டிக்கராகி அந்தப் பிள்ளையை வருடக்கணக்கில் துரத்தும். அதனால்தான் மாணவர் செல்போன் வேண்டாம் என்கிறோம். இணையத்தோடு இணையாத பள்ளிக் கேமரா, பெயருக்குப் பதில் எண், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஓவியம் முடிந்ததும் கேமராவின் நினைவக அட்டையில் உள்ள படங்களை அழித்து அச்சுகளை மாணவரிடமே ஒப்படைத்தல். ஒப்புதல் இல்லாத பிள்ளைக்குக் கண்ணாடியும் சிறிய தாளும் உண்டு. இதே பிள்ளைகளை ஆண்டு விழா மேடையில் பரிசு வாங்கும்போது நூற்றுக்கணக்கில் படமெடுத்துப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏற்றுகிறோமே, அதற்கு இத்தனை நிபந்தனை இருந்ததாக நினைவில்லை. கணக்குத் தேர்வு வந்தால் முதலில் கடன் போவதும் ஓவிய வகுப்புதான். திரும்பி வந்த கடன் ஒன்றுகூட இல்லை. கண்காட்சி நாளில் மட்டும் நடைபாதை முழுக்க ஓவியம் வேண்டும்.

மன்னிக்கவும், பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

80 நிமிடம், ஒரு விளக்கு, ஒரு கேமரா. விளக்கும் வெள்ளை அட்டையும் எங்களிடமே இருக்கின்றன. கேமரா அலுவலக அலமாரியில் இருக்கிறது. வரைதல் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருப்பதால், அதற்குள் சுற்றறிக்கையில் ஓவிய வகுப்புக்கு மட்டும் விலக்கு அளித்து ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள்