ஒமேகா சென்டாரி நம் வானிலும் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்மீன் கொத்துகள் பற்றிய கட்டுரையில், ஒமேகா சென்டாரி என்ற கொத்து தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று வந்திருந்தது. அது சரியல்ல. லண்டனில் அது எழுவதே இல்லை. ஆனால் சென்னையில் தெற்கு அடிவானுக்கு மேல் 29 பாகை, நாகர்கோவிலில் 34 பாகை வரை ஏறுகிறது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் மூன்று முட்டி உயரம்.

வழிகாட்டச் சித்திரை நட்சத்திரம் இருக்கிறது. அது வானில் தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும் நேரத்தில் கொத்தும் நேர் தெற்கே நிற்கும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, மே நடுவில் இரவு 10 மணி, ஜூன் நடுவில் 8 மணி. சித்திரையிலிருந்து செங்குத்தாக 36 பாகை கீழே இறங்க வேண்டும். இவ்வளவு தூரம் இறங்கும்போது பலருக்குத் தடம் மாறிவிடுகிறது. அப்போது சீட்டா சென்டாரி என்ற விண்மீனைப் பிடித்து, 10×50 பைனாகுலரின் இடது ஓரத்தில் நிறுத்துங்கள். வலப்பக்கம் 5 பாகை தள்ளி, அதே மட்டத்தில், பிய்த்துப் போட்ட பஞ்சு போல ஒன்று தெரியும். அதுதான்.

பைனாகுலரில் அது தனித்தனி விண்மீன்களாகப் பிரியாது. கொத்தில் மிகப் பிரகாசமானவைகூட 11ஆம் ஒளித்தரத்துக்கும் (எண் கூடக் கூட ஒளி குறைவு) மங்கலானவை. 6 அங்குலத் தொலைநோக்கியில் பிரியும். ஆனால் எடுத்த எடுப்பில் அதிகம் பெரிதாக்கும் 10 மி.மீ. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போடுவதால்தான் ஏமாற்றம் வருகிறது. கொத்து முழு நிலவைவிட அகலமானது. பார்வை வட்டத்துக்குள் அடங்காமல் விளிம்பே தெரியாது. 1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள கருவியில் முதலில் 25 மி.மீ. போட்டு முழுதும் பாருங்கள். நடுப்பகுதிக்கு மட்டும் 10 மி.மீ. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் நிறங்களை எதிர்பார்க்க வேண்டாம், கண்ணுக்குச் சாம்பல் வெண்மைதான். தெற்கே ஊர் வெளிச்சமோ கடலோர ஈரப்புகையோ இருந்தால் அதுவும் மங்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களில், தெற்குப் பக்கம் திறந்த இடமே நல்லது.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி ஒன்று. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், சுமார் ஒரு கோடி விண்மீன்கள் கொண்ட இதனை, பால்வீதி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் மையக் கருவாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2024இல் ஹப்பிள் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதன் மையத்தருகே மிக வேகமாக ஓடும் ஏழு விண்மீன்களைக் கண்டார்கள். குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அங்கே இல்லாவிட்டால், அவை அந்த வேகத்தில் எப்போதோ கொத்தை விட்டு வெளியேறியிருக்கும்.

மே இதழில் சித்திரை, சீட்டா சென்டாரி, கொத்து மூன்றையும் குறித்த வானப்படம் ஒன்றை வெளியிடுங்கள். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டே தேடிவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தென்காசி