உலகச் சுகாதார ஆய்வும் அறக்கொடையும்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் ஆய்வு நல்கை நிதியை ஆண்டுதோறும் பல விண்ணப்பங்களுக்குச் சிறு சிறு தொகையாகப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் சரிதானா என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்வியை ஆராயும் பொறுப்பு செயற்குழுவிடம் விடப்பட்டது. இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை அதற்கே பயன்பட்டன. பெரிய அறக்கட்டளைகள் உலகச் சுகாதார ஆய்வுக்கு எவ்வாறு பணம் கொடுத்துள்ளன என்று பார்த்த பிறகு நம் விதிகளைத் திருத்துவதே முறை என்று முடிவாயிற்று. சந்தா, தணிக்கை ஆகிய விவரங்கள் பொருளாளர் அறிக்கையில் உள்ளன.

கூட்டங்களில் மிக நீண்ட விவாதம் ஆப்பிரிக்காவின் மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியே நடந்தது. 2001-இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்தாண்டுக் காலத்துக்கென 7 கோடி டாலர் ஒதுக்க, உலகச் சுகாதார நிறுவனமும், பாத் (PATH) என்னும் லாபநோக்கற்ற சுகாதார அமைப்பும் தடுப்பூசியை உருவாக்கும் பணியை ஏற்றன. ஓர் ஊசி மருந்தின் விலை அரை டாலரைத் தாண்டினால் தங்களால் வாங்க இயலாது என்று ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் தொடக்கத்திலேயே கூறிவிட்டதால், முதலில் விலையை வரையறுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி மருந்தை உருவாக்கினார்கள். புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த அத்தடுப்பூசி 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் பெருமளவில் போடத் தொடங்கப்பட்டது. ஏ வகைக் கிருமியால் அப்பகுதியில் பரவிவந்த கொள்ளைநோய் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. தொகை பெரியது என்பதைவிட, பணம் கொடுத்தவர்கள் பத்தாண்டுகள் அவசரப்படுத்தாமல் காத்திருக்க ஒப்புக்கொண்டதே இதில் முக்கியம் என்பது என் கருத்து.

காத்திருக்க ஆள் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குக் காசநோயே சான்று. பிசிஜி தடுப்பூசி 1921-இல் முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு மாற்றாகவோ துணையாகவோ வேறொன்று இன்றுவரை உலகளவில் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. எம்72 என்னும் புதிய தடுப்பூசி, கிருமித்தொற்று உள்ள பெரியவர்களுக்கு நோய் மூள்வதை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக 2018-2019 ஆம் ஆண்டுகளில் தெரியவந்த பின்னரும், பெருந்திரளானவர்களிடம் நடத்த வேண்டிய மூன்றாம் கட்டச் சோதனை உடனே தொடங்கவில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகளாக இருக்கும்போது, போட்ட முதல் திரும்பாது என்று சந்தை கணக்குப் போடுவது இயல்புதானே. 2023-இல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை 15 கோடி டாலர் வரையிலும் கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 40 கோடி டாலரும் தருவதாக அறிவித்த பிறகு, 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் சோதனை தொடங்கியது.

நம்மைப் போன்ற சிறு சங்கத்தின் பணம் எந்த மூலைக்கு என்று கேட்ட உறுப்பினர்களுக்கு, 1938-இல் அமெரிக்காவில் தொடங்கிய இளம்பிள்ளைவாத ஒழிப்பு நிதியைச் சுட்டிக்காட்டினோம். மக்கள் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பிய பணம்தான் சால்க் தடுப்பூசி ஆய்வையும், சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற 1954 ஆம் ஆண்டுச் சோதனையையும் தாங்கியது.

மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். மலேரியா ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கேட்ஸ் அறக்கட்டளை ஒன்றின் நிதியையே சார்ந்துவிட்டதால் மாற்றுக் கருத்துகள் அருகிவிடும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் மலேரியாப் பிரிவுத் தலைவராக இருந்த அராட்டா கோச்சி எழுதிய உள்குறிப்பு 2008-இல் வெளியே வந்தது. ஏழை நாடுகளின் நோய்களுக்கான ஆய்வுச் செலவில் பெரும்பகுதி இன்றும் அரசுகளின் பணமே. 2025-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைக் கடுமையாக வெட்டியது. அதே ஆண்டு மே மாதம் கேட்ஸ் அறக்கட்டளை 20 ஆண்டுகளில் 20,000 கோடி டாலரைச் செலவிட்டு 2045-இல் மூடப்போவதாக அறிவித்தது. அரசு விட்ட இடத்தை ஓர் அறக்கட்டளை முழுமையாக நிரப்பும் என்று யாரும் கணக்கிட வேண்டாம்.

இனி நம் வீட்டுக் கணக்கு. இவ்வாண்டு வந்த விண்ணப்பம் ஒன்றின் செலவுப் பட்டியலில், இரத்த மாதிரிகளை வைக்கும் உறைபெட்டிக்கான மின்கட்டணமும், மின்வெட்டின்போது ஓடும் ஜெனரேட்டரின் டீசலும், தரவுகளைப் பதிவுசெய்யும் ஊழியரின் சம்பளமும் ‘இதர செலவுகள்’ என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்திருந்தன. கேட்டதற்கு, இவற்றை வெளிப்படையாக எழுதினால் நிதி தருபவர்கள் வெட்டிவிடுவார்கள் என்றார் விண்ணப்பதாரர். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நிர்வாகச் செலவை ஏற்பதில்லை என்று நம் விதி 7-லேயே எழுதி வைத்திருக்கிறோம். உறைபெட்டி ஓரிரவு நின்றால் அதுவரை சேர்த்த மாதிரிகள் அத்தனையும் வீண்.

ஆகவே செயற்குழு மூன்று திருத்தங்களை முன்வைக்கிறது. நல்கையை ஓராண்டுக்குப் பதிலாக மூன்றாண்டுகளுக்கு உறுதி செய்வது. விதி 7-இல் உள்ள தடையை நீக்கி, மின்சாரம், பராமரிப்பு, ஊழியர் சம்பளம் ஆகியவற்றை நேரடிச் செலவாக ஏற்பது. தேர்வுக்குழுவில், ஆய்வுக்குரிய நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரையும் களப்பணிச் செவிலியர் ஒருவரையும் சேர்ப்பது. முதல் திருத்தத்தால் ஆண்டுக்குப் பயன்பெறுவோர் எண்ணிக்கை குறையும் என்பதையும், செயற்குழுவில் இருவர் அதனை எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். திருத்தங்களின் வரைவு நிகழ்ச்சி நிரலோடு இணைக்கப்பட்டுள்ளது; ஒவ்வொன்றையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்