கீழ்வீட்டுத் தாத்தாவின் இன்ஜின்

கோப்பிங்கென், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஒத்தடத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. சனிக்கிழமையானால் கீழ்வீட்டுத் தாத்தாவிடம் போய்விடுகிறேன். அவரிடம் ஒரு அறை முழுக்க ரயில் இருக்கிறது அப்பா!

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜ ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. இந்த மாதிரி ரயில்களைச் செய்யும் மெர்க்லின் கம்பெனி 1859-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். இதே ஊர் வழியாகப் போகும் ஸ்டுட்கார்ட் - உல்ம் பாதையில் கைஸ்லிங்கென் ஏற்றம் என்று ஒன்று உண்டு. 1850-இல் திறந்தது. 44 மீட்டர் சொச்சத்துக்கு ஒரு மீட்டர் ஏறுமாம். கனமான சரக்கு வண்டியைப் பின்னாலிருந்து இன்னொரு இன்ஜின் தள்ளும். நீங்கள் ‘பேங்கர்’ என்பீர்களே, அதேதான். தாத்தா அந்த ஏற்றத்தைத்தான் பலகையில் கட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் அவருடைய நீராவி இன்ஜின் ஐந்து பெட்டியோடு பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பார்த்ததும் எனக்கு ஆண்டிபட்டிக் கணவாய்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் போடி பாசஞ்சர் ஓட்டியபோது தூறல் நாளில் சக்கரம் வழுக்கியதையும், பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் விட்டு ஏற்றியதையும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும், லேசான தூறல்தான் மோசம் என்பீர்கள். 72 டன் எடையுள்ள உங்கள் வாய்டிஎம்-4 டீசல் இன்ஜினுக்கே அந்தப் பாடு என்றால், அரைக் கிலோகூட இல்லாத இது என்ன செய்யும்?

இங்கே மணலுக்குப் பதில் ரப்பர். கடைசி அச்சின் இரண்டு சக்கரத்திலும் சுற்றிவரப் பள்ளம் வெட்டி, அதில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்கள். ‘ஹாஃப்ட்ரைஃபன்’ என்கிறார் தாத்தா. குழந்தை மோதிரம் அளவுதான். உலோகத்தின் மேல் உலோகம் வழுக்கும், ரப்பர் கவ்விக்கொள்ளும். எல்லாச் சக்கரத்துக்கும் போட்டுவிடலாமே என்று கேட்டேன். கூடாதாம். சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது, ரப்பர் அதைத் தடுத்துவிடும்.

தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால் நான்தான் மாற்றினேன். இணைப்புத் தண்டின் சின்னத் திருகைக் கழற்றிவிட்டு ஊசியால் கிளப்பினேன். பழைய ரப்பர் காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி ஒடிந்து வந்தது. பள்ளத்தில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். புது வளையத்தை ஒரு பக்கம் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு பக்கத்தை மெதுவாக இழுத்து மாட்ட வேண்டும். முறுக்கிக்கொண்டால் இன்ஜின் நொண்டும். முதல் வளையம் முறுக்கிக்கொண்டது, மறுபடி கழற்றி மாட்டினேன்.

அப்புறம் நான் ஒரு தப்புச் செய்தேன். அச்சுக்கு எண்ணெய் விட்டபோது ஒரு சொட்டு கூடிப்போய், ரப்பர் வரை வழிந்துவிட்டது. வண்டி மறுபடி அதே இடத்தில் நின்றது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, பஞ்சை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். நன்றாகத் துடைத்துவிட்டு ஓட்டினோம். ஐந்து பெட்டி ஏறியது. ஏழு போட்டோம். ஒன்பதும் ஏறியது அப்பா! நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். 2010 கடைசியில் போடி பாதையில் மீட்டர் கேஜ் ரயில் நின்றபோது நீங்கள் ஸ்டேஷன்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். சக்கரம் வழுக்கிய பிறகு மணல் விடுவீர்களா, ஏற்றம் வரும்போதே விடுவீர்களா? நான் முன்னாலேயே என்று சொல்லிவிட்டேன். சரிதானா என்று எழுதுங்கள், சனிக்கிழமை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்