மாதக் கணக்கும் கிழமைச் சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானிய நலன்புரிச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு வந்தாலே வெட்டப்பட்ட தொகைகளின் பட்டியல்தான் முதலில் வருகிறது. உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையும் இரண்டு பிள்ளை வரம்பு (மூன்றாம் பிள்ளையிலிருந்து தொகை தராதது), உதவி உச்சவரம்பு (மொத்த உதவிக்கான எல்லை), படுக்கையறை வரி (சமூக வீட்டில் மேலதிக அறைக்கு வாடகை உதவியைக் குறைப்பது) என்று அதே வழியில் போயிருக்கிறது. அவை பொய்யல்ல. ஆனால் வருமானம் குறைந்தோருக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவியான, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த யுனிவர்சல் கிரெடிட், வேலைக்குப் போகும் குடும்பங்களை ஓயாமல் அலைக்கழிப்பது அதன் நாள்காட்டியால். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கியபோது, ஊரில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர் என்று வைத்துக்கொண்டுதான் இதைக் கட்டினார்கள். விண்ணப்பித்த திகதியிலிருந்து ஒரு மாதம் ஒரு மதிப்பீட்டுக் காலம்; அதற்குள் வந்த சம்பளத்தை வைத்தே அந்த மாத உதவியைக் கணக்கிடுவார்கள். 8ஆம் திகதி விண்ணப்பித்தவருக்கு அது அடுத்த மாதம் 7ஆம் திகதி முடியும். பணம் 14ஆம் திகதி வரும். முதல் ஐந்து கிழமை வெறுங்கை. கேட்டால் முற்பணம் தருவார்கள். வட்டியில்லாக் கடன்தான், என்றாலும் 24 மாதம் வரை அதைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள். கடன் கழிவுகளின் உச்ச அளவை 2025 ஏப்ரலில் அடிப்படைத் தொகையின் 25 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைத்தது நல்ல காரியம்.

துப்புரவு, முதியோர் பராமரிப்பு, சூப்பர்மார்க்கெட் வேலைகளில் நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் தருவது சாதாரணம். அப்படியானால் வருடத்துக்கு 13 சம்பளம், மதிப்பீட்டுக் காலமோ 12. எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒரு காலத்தில் இரண்டு சம்பளம் விழும். கையில் 1,100 பவுண் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள் என்பதால், இரண்டாவது சம்பளத்தால் அந்தக் காலத்துக்கான உதவியில் 605 பவுண் கூடுதலாகக் குறையும். வழக்கமாக 580 பவுண் பெறும் குடும்பத்துக்கு அது பூச்சியம். பூச்சியமானால் கோரிக்கை மூடப்பட்டுவிடும். ஆறு மாதத்துக்குள் மீண்டும் விண்ணப்பித்தால் பழைய திகதிகளே தொடரும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அடுத்த மாதம் தானாக வரும் என்று காத்திருந்து வாடகைப் பாக்கியில் போய் நிற்கிறார்கள். பழைய உதவியிலிருந்து மாற்றப்பட்டதால் வரும் குறைவை ஈடுகட்டும் இடைக்காலப் பாதுகாப்புத் தொகை பெறுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது.

மாதச் சம்பளக்காரருக்கும் இதே சிக்கல் இருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையாகிச் சம்பளம் இரண்டு நாள் முந்தி வந்தால், ஒரு காலத்தில் இரண்டு சம்பளம், அடுத்ததில் ஒன்றுமில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இதைக் கண்டித்த பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் விதி மாறியது. இப்போது ஜேர்னலில் (உதவித் திணைக்களத்துக்குச் செய்தி எழுதும் இணையக் கணக்குப் பக்கம்) எழுதிக் கேட்டால், ஒரு சம்பளத்தை அடுத்த காலத்துக்கு மாற்றிக் கணக்கிடலாம். கிழமைச் சம்பளம், நான்கு கிழமைச் சம்பளம் வாங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இதைவிட மோசமானது உச்சவரம்பில் ஒளிந்திருக்கிறது. குடும்பமொன்றின் மொத்த உதவி ஆண்டுக்கு இலண்டனில் 25,323 பவுணையும் வெளியே 22,020 பவுணையும் தாண்டக்கூடாது. மாதச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டினால் இந்த வரம்பு கிடையாது. அந்தத் தொகை, கிழமைக்கு 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்தால் மாதத்துக்குக் கிடைப்பது: 2025-26இல் 846 பவுண். அதே 16 மணி நேரத்தை அதே 12.21 பவுண் கூலியில் செய்து, நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்கினால் 781 பவுண்தான் வரும். விதி கேட்ட உழைப்பு முழுதாக இருக்கிறது, ஆனாலும் 12 காலத்தில் 11இல் வரம்பு விழுகிறது. உயர் நீதிமன்றம் இதைத் தவறென்றது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டது. இரண்டு பிள்ளை வரம்பை நீக்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்ததைக் கொண்டாடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும். உச்சவரம்பில் முட்டி நிற்கும் குடும்பத்துக்கு மூன்றாம் பிள்ளைக்கான தொகை ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதுதான்.

வாடகைக் கணக்கும் இப்படித்தான். கிழமை வாடகையை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுப்பார்கள். 140 பவுண் வாடகைக்கு மாதம் 606.67 வரும். 2024-25 போல 53 திங்கட்கிழமை உள்ள வாடகை ஆண்டில் மிச்ச 140 பவுண் குடும்பத்தின் தலையில். ஏப்ரலில் கவுன்சில் வாடகை கூடும்போது, புதிய தொகையை அந்த மதிப்பீட்டுக் காலம் முடிவதற்குள் ஜேர்னலில் பதிய வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாத வித்தியாசம் பெரும்பாலும் போனதுதான்.

வாசகர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மதிப்பீட்டுக் காலத்தின் தொடக்கத் திகதியையும் ஆண்டு முழுவதற்குமான சம்பளத் திகதிகளையும் ஒரே தாளில் எழுதினால், இரட்டைச் சம்பளம் எந்த மாதம் விழும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த இரண்டாவது சம்பளத்தில் வாடகையை ஒதுக்கிவிட்டு, பூச்சிய அறிவிப்பு வந்தவுடனே மீண்டும் விண்ணப்பியுங்கள். நத்தாருக்குச் சம்பளம் முந்தி வந்தால், முதலாளி வருமான வரித் திணைக்களத்துக்கு வழமையான சம்பளத் திகதியைத்தான் அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். முடிவு பிழையென்றால் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் உண்டு.

அரசு செய்ய வேண்டியது இதைவிட எளிது. நான்கு கிழமைச் சம்பளத்தை 13ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதச் சம்பளம் வந்துவிடும். வாடகைக்கு அவர்களே செய்யும் கணக்கு இது.

நலன்புரி உரிமை ஆலோசகர் ஒருவர்,
இலண்டன்