கெய்லிக்கு வா, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அயர்லாந்துக்கு, இந்தக் கிளேர் மாவட்டத்து எனிஸுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. ட்யூட்டி, ரூம், அம்மாவுக்கு வீடியோ கால், மறுபடி ட்யூட்டி. சனிக்கிழமை கெய்லிக்கு, அதாவது இங்கத்து ஊர்க்கூட்ட நடனத்துக்குக் கூப்பிட்டால், "ஆடத் தெரியாதுக்கா, ஜோடியும் இல்லை, எல்லாரும் பார்த்துச் சிரிப்பாங்க" என்றாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. உன்னைப் போல இங்கே புதிதாக வந்திறங்கிய மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் பறக்குமே, அந்த ஐரிஷ் மேடை நடனத்தைத்தான் நீ மனதில் வைத்திருக்கிறாய். அது மேடைக்கு, பல வருஷம் பயின்றவர்களுக்கு. கெய்லி ஊர் கூடி ஆடுவது. ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருளே, சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதுதான். நம் காதில் அது 'கேலி' என்று விழும். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு முகத்திலும் நான் கேலியைக் கண்டதில்லை.

முதல் நாள் நான் கோட்டைக் கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எண்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா நேரே வந்து கையை நீட்டினார். பெண்ணும் பெண்ணும் ஜோடி சேர்வது அங்கே சாதாரணம். ஆடியது 'வால்ஸ் ஆஃப் லிமரிக்'. இரண்டு ஜோடி எதிரெதிரே நிற்கும். கைகோத்து முன்னே போய்ப் பின்னே வரவேண்டும், இரண்டு தரம். பெண்கள் இடம் மாறுவார்கள், அப்புறம் ஆண்கள். பிறகு எதிரே நிற்பவர் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் போய்த் திரும்பவேண்டும். கடைசியில் சொந்த ஜோடியோடு ஒரு சுற்று. சுற்றி நின்று பார்த்தால் எதிரே வேறு ஜோடி! அவர்களோடு மறுபடி முதலிலிருந்து. பாட்டு முடிவதற்குள் முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் என் கையைப் பிடித்திருந்தார்கள். யாரிடமும் போய் அறிமுகம் செய்துகொள்ளவில்லை, ஆட்டமே கொண்டுபோய் நிறுத்தியது.

தப்புச் செய்தேனா? நிறைய. மூன்றாவது ஜோடியிடம் எதிர்ப்பக்கம் ஓடினேன். அந்த மனிதர் தாளம் விடாமல் என் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். அந்த அம்மா திரும்ப வேண்டிய இடத்துக்கு அரைத்தாளம் முன்னாலேயே என் விரலை ஒரு அழுத்து அழுத்துவார். உலர்ந்த, கதகதப்பான கை. வீட்டை விட்டு வந்து அத்தனை மாசத்தில், நோயாளி அல்லாத ஒருவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

'இது நம்முடையது இல்லையே' என்றும் நினைக்காதே. கெய்லி என்ற பெயரில் முதன்முதலாகக் கூட்டம் போட்டு ஆடியது அயர்லாந்திலேயே இல்லை, லண்டனில். 1897-இல், ப்ளூம்ஸ்பரி ஹாலில், ஐரிஷ் மொழியை வளர்க்க எழுந்த கேலிக் லீக் சங்கத்தின் லண்டன் கிளைக்காரர்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர் நினைப்பில் தொடங்கியது இது! நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் 'செட்' இருக்கிறதே, அதன் வேர் குவாட்ரில் என்ற பிரெஞ்சு நடனம். அந்நிய நடனம் என்று கேலிக் லீக் அதை ஒதுக்கியது. கிளேர், கெர்ரி மாவட்டத்து மக்கள் விடவில்லை. கல் பாவிய சமையலறைத் தரையில் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். 1935-இல், பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தபின் வீட்டு ஆட்டம் தேய்ந்து, கூட்டம் மண்டபங்களுக்கு நகர்ந்தது. இன்று கிளேர்க்காரர்களிடம் அவர்கள் ஆடும் 'கலிடோனியன் செட்' வேற்று ஊருடையது என்று சொல்லிப் பார், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வந்த இடத்தில் வேர் பிடித்துவிட்டது. ஜூலையில் இதே கிளேரில் இருக்கும் மில்டவுன் மால்பே ஊருக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன். 1973-லிருந்து அங்கே இசைக்கும் நடனத்துக்கும் கோடைப் பள்ளி நடக்கிறது, ஊர் முழுக்கப் பிடிலும், கையால் அமுக்கி வாசிக்கும் சின்னத் துருத்திப் பெட்டியான கான்செர்டினாவும்தான்.

குடிக்கச் சொல்வார்களோ என்று பயப்படாதே. நாம் போகும் மண்டபத்தில் இடைவேளைக்கு டீயும் பழுப்பு ரொட்டியும்தான்.

ரப்பர் அடி ஷூ மட்டும் வேண்டாம். சுற்றும்போது தரையைப் பிடித்துக்கொண்டு முட்டியை வலிக்க வைக்கும். சுற்றுகையில் தரையைப் பார்க்காதே, எதிரே இருப்பவர் முகத்தைப் பார், தலை சுற்றாது. சனிக்கிழமை எட்டு மணிக்கு உன் வாசலில் காரோடு நிற்பேன். முதல் ஆட்டத்துக்கு நான்தான் உன் ஜோடி.

அன்புடன்,
அக்கா